கரும்பலகையில் இருபத்து மூன்று

டீச்சருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மட்டும்தான் உதவியது. பள்ளிக்கூடம் முழுக்க அவர் குண்டூசி டீச்சர். "குண்டூசி விழுந்தா சத்தம் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டேதான் வகுப்புக்குள் காலை வைப்பார். அதனால் வந்த பட்டம். எந்த வருஷத்துப் பிள்ளைகள் வைத்தார்களோ தெரியாது. ஒரு கூட்டம் படித்துவிட்டுப் போகும்போது அடுத்த கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். டீச்சருக்கும் விஷயம் தெரியும். கோபம் கிடையாது, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அறிவியல் வாத்தியாரை ஓணான் என்றும் ஹெட்மாஸ்டரைப் பஞ்சர் டயர் என்றும் கூப்பிடுகிற பிள்ளைகள் தன்னைக் குண்டூசியோடு விட்டதே பெரிய மரியாதை என்று கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அமைதி மேல் அவருக்கு அப்படி ஒரு பசி இருந்ததற்குக் காரணம் உண்டு. பிறந்து வளர்ந்தது ஒரு தகரப் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். கீழே அப்பா விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தகரத்தைத் தட்டிப் பெட்டி செய்வார். மேலே டீச்சரோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள், ஒரு ரேடியோ, ஒரு தையல் மெஷின். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கணக்குப் போட்டுத்தான் அவர் பாஸ் பண்ணினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு வகுப்பை ஒரே ஒரு பார்வையில் அடக்கிவிட்டார். நாற்பது பேனாக்கள் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று நினைத்தார்.

வீட்டில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். நாளுக்கு அறுபது வீட்டு வாசலில் நின்று பேசிப் பழகிய வாய் அது. கேட்க ஆள் இல்லாவிட்டால் செய்தித்தாளோடு பேசுவார். ஒரே மகள் வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் நர்ஸ். அவள் போனில் பேசுவதும் அப்பா மாதிரியேதான். டீச்சர் சமையலறையில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் வாய்க்குப் பூட்டுப் போடுங்களேன்" என்பார். யாரும் போட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் பூட்டு இருந்தது. வகுப்பை விட்டு வெளியே போக வேண்டி வந்தால், லீடரை சாக்பீஸோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவார். வாயைத் திறந்தாலோ இடத்தை விட்டு எழுந்தாலோ லீடர் அந்தப் பிள்ளையின் வருகைப் பதிவேட்டு எண்ணைப் பலகையில் எழுதிவிட வேண்டும். அடுத்த தப்புக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கடுத்த தப்புக்கு இன்னொன்று. ஒரு பெருக்கல் குறிக்கு ஒரு வாரம் விளையாட்டுப் பீரியட் கிடையாது. லீடர் கண்டும் காணாமல் விட்டால் லீடரின் எண்ணை டீச்சரே எழுதுவார். லீடர் பலகையை விட்டு நகர்ந்தாலும் அதே கதிதான். முந்தின வருஷத்து லீடர் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போய் மாட்டிக்கொண்டு, ஒரு மாதம் அந்தப் பதவியை இழந்திருந்தாள். பேசுகிறவர்கள் பேரை எழுதி வைப்பது எந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இல்லை? ஆனால் அதை இந்த அளவுக்கு இறுக்கி முடிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டார்கள். யாரோ நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்தது. நாற்காலிக்கு எடை என்று ஒன்று இல்லவே இல்லை. பின்னால் இருப்பவன் காலை விட்டு ஒரு இழு இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. எழுந்தவன் மறுபடி உட்காரும்போது நாற்காலியை இழுத்துவிட வேண்டும். அவன் தொப்பென்று தரையில் உட்கார்ந்ததும், "ஆட்சி கவுந்துருச்சு" என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் டீச்சர் கண் முன்னாலேயே ஒருத்தன் விழுந்து, பின்னால் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இடுப்பு உடைஞ்சாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்" என்று பொதுவாக ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் பின்னக் கணக்குக்குப் போய்விட்டார். கத்திக்கொண்டு விளையாடியிருந்தால் அன்றைக்கே ஒழித்துக் கட்டியிருப்பார். சத்தம் வராத விளையாட்டு அவருக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை.

அது ஒரு புதன்கிழமை, மூன்றாவது பீரியட். மணி பதினொன்று பத்து. அரையாண்டு மதிப்பெண் பட்டியலில் கூட்டல் இடிக்கிறது, ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. கணக்கு டீச்சரின் பட்டியலில் கூட்டல் இடிப்பதா? அவருக்குச் சுருக்கென்றது. பத்துக் கணக்குகளை எழுதிப் போட்டு, லீடரை நிறுத்தி, "அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து, இருபத்தைந்து ஆயிற்று. தப்பு அவர் மேல் இல்லை, கிளார்க் ஒரு வரியை இரண்டு தடவை அடித்து வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்துக் காட்டிய திருப்தியில், ஹெட்மாஸ்டர் வரவழைத்த டீயையும் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வராந்தாவில் வரும்போதே காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. அவர் வகுப்பில் இருமல்கூட இல்லை. உள்ளே போகாமல் வாசல் ஓரமாக ஒரு நொடி நின்று அதைக் காதாரக் கேட்டார். பின்னால் எத்தனையோ நாள் அவரைப் படுக்கவிடாமல் அடித்தது அந்த ஒரு நொடிதான்.

உள்ளே போனார். பலகையில் ஒரே ஒரு எண் இருந்தது. இருபத்து மூன்று. பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி.

இருபத்து மூன்றாம் எண்காரன் மூன்றாவது வரிசையில் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். ஒல்லிப் பையன், கணக்கில் சுமார், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வகுப்பில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு தடவையா? எந்திரிடா."

அவன் எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"பேசறதையும் பேசிட்டுத் தூக்கம் வேறயா? அப்படியே நில்லு. நோட்டைத் திருத்திட்டு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்."

"டீச்சர்..."

"வாயைத் திறக்காத."

அவன் திறக்கவில்லை. டீச்சர் முதல் வரிசை நோட்டுகளை முடித்து இரண்டாவது வரிசைக்கு வந்தபோது பின்னால் நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. திரும்பினால், பையன் மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தான். வாயிலிருந்து வாந்தி வழிந்துகொண்டிருந்தது.

அவர் ஓடினார் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஐம்பத்தாறு வயதில், முட்டி வலியோடு, அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கினார். புடவையெல்லாம் வாந்தி. பள்ளிக்கூட வேனில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குள் பையன் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"எப்படி விழுந்தான்?" என்று டாக்டர் கேட்டார்.

"நின்னுக்கிட்டிருந்தான் டாக்டர். மயங்கி விழுந்துட்டான்."

"எப்ப?"

"இப்பத்தான். கால் மணி நேரம் இருக்கும்."

"தலையில அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல டாக்டர். மெதுவாச் சரிஞ்சுதான் விழுந்தான்."

அவருக்குத் தெரிந்த மட்டும் அது உண்மை. டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார், காயம் எதுவும் இல்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான், சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்றார். கையில் ட்ரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள்.

ஒரு மணி வாக்கில் பையனின் அம்மா வந்தாள். சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். தோளெல்லாம் நூல் பிசிறு, காலில் கம்பெனிக்குள் போடுகிற செருப்பு. தூங்குகிற மகனைப் பார்த்தாள், டீச்சரின் புடவையைப் பார்த்தாள். டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லம்மா, மயக்கம்தான்" என்று தைரியம் சொல்லிவிட்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்.

குழாயடியில் புடவையை அலசிக்கொண்டு வகுப்புக்குள் போனபோது மணி இரண்டு. பலகையில் அந்த எண் அப்படியே இருந்தது. அழிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"என்னதான் நடந்துச்சு?"

மற்ற பிள்ளைகள் எல்லாரும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"பேசலாம். நான்தானே கேக்கறேன், பேசுங்க."

லீடர் எழுந்தாள். ரெட்டைப் பின்னல் போட்ட, எதையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பெண். இதையும் அப்படித்தான் ஒப்பித்தாள். "நீங்க போனதும் அவன் ரப்பர் கீழ விழுந்துருச்சு டீச்சர். எந்திரிச்சு எடுத்தான். பின்னால இருக்கானே நெட்டை, அவன் இவன் நாற்காலியை இழுத்துட்டான். இவன் உட்காரப் போயி, பின்மண்டை நெட்டையோட மேஜை முனையில இடிச்சிருச்சு. 'அம்மா'ன்னு கத்துனான். நான் நம்பர் எழுதிட்டேன்."

"அப்புறம்?"

"தலை சுத்துது, டீச்சரைக் கூப்பிடுன்னு சொன்னான். பேசினதுக்கு ஒரு பெருக்கல்."

"அப்புறம்?"

"அவனே உங்களைத் தேடி வர எந்திரிச்சான். எந்திரிச்சதுக்கு ஒரு பெருக்கல். அப்புறம் அவன் படுத்துக்கிட்டான்."

"நீ ஓடி வந்து என்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"நான் போர்டை விட்டு நகரக் கூடாதுல்ல டீச்சர்."

அந்தப் பெண் குறும்புக்குச் சொல்லவில்லை. விதி அப்படி, அவள் விதிப்படி நின்றாள். நெட்டை தலையைத் தூக்காமல் அழுதுகொண்டிருந்தான், அழுகையிலும் சத்தம் இல்லை. டீச்சர் டஸ்டரை எடுத்து முதலில் பலகையை அழித்தார். அதற்கு என்ன அவசரம் என்று பின்னால் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. தலையில் அடி பட்டிருக்கிறது, பதினொன்று பத்துக்கே பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் போன் நம்பர் இருந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

எதிரே ஹெட்மாஸ்டர். டீச்சர் அவரிடம்தான் முதலில் சொன்னார்.

"பதட்டப்படாதீங்க டீச்சர்" என்றார் ஹெட்மாஸ்டர். "டீச்சர் இல்லாத க்ளாஸ்ல நடந்துச்சுன்னு வெளிய போனா உங்க தலையும் உருளும், கூப்பிட்டு வச்சு டீ குடுத்த என் தலையும் உருளும். பையன் நல்லாத்தானே படுத்திருக்கான்? டாக்டர் தலையைத் தொட்டுப் பார்த்துட்டார்ங்கறீங்க. அப்புறம் என்ன? நாளைக்கு நிதானமா யோசிச்சு எழுதிக்குடுப்போம்."

ஹெட்மாஸ்டர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம். டீச்சரே அப்படித் தப்பித்துக்கொண்டதில்லை. போன் அவர் கையில்தான் இருந்தது, ஹெட்மாஸ்டர் பிடுங்கிக்கொள்ளவில்லை. டாக்டருக்குத் தெரியாததா என்று நினைத்தார். போனில் சொன்னால் அரையும் குறையுமாகப் போய்ச் சேரும், நேரில் போய்ச் சொல்வோம் என்று நினைத்தார். இப்போதே போகலாம் என்றால் வகுப்பை மறுபடி விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்தது. பெல் அடிக்கட்டும், நாலேகால்தானே என்று முடிவு பண்ணினார். வாழ்க்கையில் எதையும் பெல் அடித்த பிறகு செய்தே பழகிவிட்டவர். நாலேகாலுக்கு ஹெட்மாஸ்டர் எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். அதிலும் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது மணி ஆறு.

பையனின் கட்டில் காலியாக இருந்தது. ஆயா ரப்பர் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மணிக்கு கை காலெல்லாம் இழுத்துக்கிச்சும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றாள்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. திறந்து எடுத்தார்கள். பிழைத்தான். ஆனால் இடது கையும் இடது காலும் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தான். கை அதுவும் இல்லை.

மகளிடம் டீச்சர் இதைப் பாதிக்கதையாகச் சொன்னார். அவள் நர்ஸ் அல்லவா, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "அடி பட்டது தெரியாம ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டு இருந்திருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் விட்டதுதாம்மா தப்பாப் போச்சு. மத்தியானமே தெரிஞ்சிருந்தா உடனே ஸ்கேன் எடுத்து அனுப்பியிருப்பாங்க. கையும் காலும் தப்பிச்சிருக்கும்." டீச்சர் "ம்" என்று மட்டும் சொல்லி, போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. விளையாட்டு வினையாகிவிட்டது, நாற்காலியை இழுத்தவன் இன்னான் என்று எழுதினார்கள். டீச்சர் வகுப்பில் இல்லாத இருபத்தைந்து நிமிஷத்தை எழுதாமல், 'நண்பகலுக்குச் சற்று முன்' என்று எழுதினார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டார். நெட்டைக்கு டி.சி. கிழித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒரு புதன்கிழமை ஒரே ஒரு தடவை காலை நீட்டினதற்கு ஆயுசு முழுக்கச் சுமக்க ஒரு மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஸ்டோர் ரூமில் அடுக்கி, பழைய பெஞ்சுகளைக் கொண்டுவந்து தரையோடு சேர்த்து முடுக்கினார்கள். வகுப்பறைப் பாதுகாப்பு பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலை, கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதால், டீச்சருக்கே வந்தது.

அதற்குப் பிறகு அவர் வகுப்பில் யார் எண்ணும் பலகையில் ஏறவில்லை. பிள்ளைகள் பேசினார்கள், சிரித்தார்கள், பெஞ்சைத் தட்டித் தாளம் போட்டார்கள். டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை. எங்காவது சட்டென்று சத்தம் அடங்கினால்தான் அவர் முகம் வெளுக்கும். திரும்பி ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். "என்ன டீச்சர், குண்டூசி தொலைஞ்சு போச்சா?" என்று ஓணான் வாத்தியார் ஒருமுறை கேட்டுச் சிரித்தார். டீச்சரும் சிரித்துவைத்தார். வீட்டில் ரேடியோ கத்தினாலும் குறைக்கச் சொல்வதில்லை. கணவருக்கு அதுவே பயமாகிவிட்டது. "ஏதாவது சண்டையாவது போடேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை தோறும் பையன் வீட்டுக்குப் போய் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். முன் அறை ஒன்று, பின் அறை ஒன்று, மேலே மாடிக்காரர்கள் நடப்பது கேட்கும் வீடு. பையன் நன்றாகவே போட்டான், முன்பைவிட நன்றாக. அதைப் பார்க்கும்போது டீச்சருக்கு இன்னும் தாங்காது. அவன் அம்மா டீயைக் கொண்டுவந்து வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால், "இவங்கதான், ரெண்டு மாடி தூக்கிட்டு இறங்கினாங்களே, அந்த டீச்சர். இவங்க இல்லன்னா இவன் இல்ல" என்பாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் டீச்சர் அந்த இரண்டு மணி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவார். டீயைக் குடித்ததும் வார்த்தையையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு வந்துவிடுவார். இப்படியே அந்தப் புதன்கிழமை கழிந்து பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாடிப்படியில் லீடர் வழியை மறித்தாள். இப்போது அவள் லீடர் இல்லை, எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டவள். இளைத்திருந்தாள்.

"டீச்சர், நான் அவங்க வீட்டுக்குப் போயி அவங்க அம்மாகிட்ட சொல்லிரவா?"

"என்னன்னு?"

"நான்தான் அவன் சொன்னதைக் கேக்காம பெருக்கல் போட்டேன்னு. தெனமும் சொப்பனத்துல வருது டீச்சர். அவன் தலை வலிக்குதுங்கறான், நான் போட்டுக்கிட்டே இருக்கேன்."

டீச்சர் அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்தார். தன்னுடைய மூட்டையை ஒரு பதிமூன்று வயதுப் பெண் பதினான்கு மாதமாகச் சுமந்துகொண்டு திரிகிறாள், தான் சனிக்கிழமை சனிக்கிழமை டீ குடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"நீ போக வேண்டாம்மா. நீ ஒரு தப்பும் பண்ணல. நாளைக்கு நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

மறுநாள் போனார். பையன் பின் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா முன் அறையில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சட்டைகளைக் குவித்துவைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் டீயைத் தொடவில்லை. தரையிலேயே அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு நான் க்ளாஸ்ல இல்ல." ஆரம்பித்ததும் கடகடவென்று வந்துவிட்டது. ஆபீஸுக்குப் போனது, லீடர், எண், இரண்டு பெருக்கல் குறி, வந்ததும் அவனை எழுப்பி நிற்க வைத்தது, வாயைத் திறக்காதே என்றது.

அம்மா கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை முடித்துப் பக்கத்தில் போட்டாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சு வாய் பேச வந்ததும் அவன் முதல்ல சொன்னது அதைத்தான். ரெண்டு பெருக்கல் விழுந்துருச்சும்மா, ரெண்டு வாரம் வெளையாடப் போக முடியாதுன்னு அழுதான்."

"இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேம்மா" என்றார் டீச்சர்.

"கேட்டு என்ன ஆகப்போகுது? நாப்பது பிள்ளைங்களை வச்சு மேய்க்கணும்னா நீங்களும்தான் என்ன பண்ணுவீங்க? எங்க வீட்டுக்காரர் குதியோ குதின்னு குதிச்சார், பள்ளிக்கூடத்து மேல கேஸ் போடணும்னு. நான்தான் நிறுத்தி வச்சேன். அவன் இடிச்சுக்கிட்டது டீச்சருக்கு எப்படித் தெரியும், தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட சொல்லாம இருப்பாங்களா, நம்ம பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனவங்கன்னு சொன்னேன். அதோட அடங்கிட்டார்."

டீச்சர் அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். லீடரிடம், சொல்லிவிட்டேன், அவர்கள் மன்னித்துவிட்டார்கள், நீ நிம்மதியாகத் தூங்கு என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. பின் அறையில் பையன் எதையோ வாய்க்குள் கூட்டிக்கொண்டிருப்பது கேட்டது.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "உங்களை ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போனேனே, அப்ப பிள்ளைங்க சொல்லிட்டாங்க. மண்டையில இடிச்சுக்கிட்டான்னு. ரெண்டு மணிக்கே எனக்குத் தெரியும். போன் கையில இருந்துச்சு. நான் பண்ணல. சாயங்காலம் வந்து சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

கத்தரிக்கோல் நின்றது. அம்மா டீச்சரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கூட்டல் கணக்கு இடிக்கிற பிள்ளை மாதிரி பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கா?"

"ஆமாம்மா."

"ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு எங்கூடப் பேசிக்கிட்டுல்ல இருந்தான்" என்றாள். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "மூணரை வரைக்கும் பேசுனான் டீச்சர். தலை வலிக்குதும்மான்னான், இடிச்சுக்கிட்டதை மட்டும் சொல்லல. நான் நர்ஸைக் கேட்டேன், மருந்து எறங்குனா சரியாயிரும்னாங்க. வீட்டுக்குப் போலாமான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். வலது கையில ஊசி குத்தியிருந்தாங்க. இடது கையாலதான் என்னைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். கெட்டியாப் பிடிச்சிருந்தான்."